எந்த நாற்காலிக்கு எந்த மனு? – வாசகர் கேள்வி பதில்

சங்கங்களும் தொழில் அமைப்புகளும் எந்த அரசியல்வாதிக்கு ஆதரவு தருவது என்று எப்படி முடிவு செய்கின்றன? இதைப் பற்றி மதுரை வட்டாரத்திலிருந்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே விஷயத்தைக் கேட்டவர்களின் கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறோம்.

தேர்தல் வந்தால் போதும், எங்கள் வியாபாரிகள் சங்கம் இரண்டாக உடைந்துவிடும். தலைவர் ஒரு வேட்பாளரைச் சொல்வார், செயலாளர் இன்னொருவரைச் சொல்வார். பெரிய அமைப்புகள் இதை எப்படித்தான் முடிவு செய்கின்றன?
– மளிகை வியாபாரி, கீழமாசி வீதி

ஆளிலிருந்து பேச்சைத் தொடங்குகிறீர்கள், அதனால்தான் சண்டை. விவரம் தெரிந்த அமைப்புகள் ஆளைப் பற்றிக் கடைசியில்தான் பேசும்.

முதலில் என்ன வேண்டும் என்பதை ஒரே வரியில் எழுதிக்கொள்வார்கள். 'வணிகர் நலன் காக்கப்பட வேண்டும்' என்பது கோரிக்கை இல்லை, வாழ்த்து மடல். 'மாசி வீதிகளில் காலை 6 முதல் 9 மணி வரை லாரியில் சரக்கு இறக்க அனுமதி வேண்டும்' என்றால் அது கோரிக்கை. எழுதி முடித்ததும் அடுத்த கேள்வி, இதில் கடைசிக் கையெழுத்து யாருடையது என்பது. சரக்கு இறக்கும் நேரம் என்றால் மாநகரப் போலீஸ். கடை உரிமக் கட்டணம் என்றால் மாநகராட்சி. ஜி.எஸ்.டி. விகிதம் என்றால் டெல்லியில் கூடும் கவுன்சில். மூன்றுக்கும் ஒரே எம்.எல்.ஏ.வைச் சுற்றி வந்தால் மூன்றும் நடக்காது.

கையெழுத்துப் போடுகிறவர் தெரிந்தபின் அவர் யார் சொன்னால் கேட்பார் என்று பார்ப்பார்கள். சில நேரம் அது அமைச்சர், சில நேரம் மாவட்டச் செயலாளர், பல நேரம் துறைச் செயலாளருக்குக் கோப்பு எழுதும் கீழ்நிலை அதிகாரி. அதற்குப் பிறகுதான் ஆளைப் பற்றிய கேள்விகள் வரும். இந்த விஷயத்தில் அவர் இதுவரை வெளியில் என்ன பேசியிருக்கிறார்? அடுத்த ஐந்தாண்டும் அந்த இடத்தில் இருப்பாரா? நம் ஆட்கள் எத்தனை குடும்பம் அவர் தொகுதியில் குடியிருக்கிறார்கள்? அவர் தோற்றால் ஜெயித்தவர் நம்மை எப்படிப் பார்ப்பார்?

பக்கத்தில் நடந்த ஒன்றையே எடுத்துக்கொள்வோம். சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரத் தீப்பெட்டித் தொழிலை மலிவான பிளாஸ்டிக் சிகரெட் லைட்டர் அரித்துக்கொண்டிருந்தது. உற்பத்தியாளர்கள் 'தீப்பெட்டித் தொழிலைக் காப்பாற்றுங்கள்' என்று மட்டும் கேட்டிருந்தால் ஆறுதல் வார்த்தையோடு திரும்பியிருப்பார்கள். அவர்கள் கேட்டது இறக்குமதிக்குத் தடை. ஒரு லைட்டர் இருபது தீப்பெட்டியின் இடத்தைப் பிடிக்கிறது என்று எந்த அமைச்சருக்கும் ஒரே மூச்சில் புரியும் கணக்கையும் கையில் கொடுத்தார்கள். இறக்குமதிக் கொள்கை மாநிலத்தின் கையில் இல்லை. வர்த்தக அமைச்சகத்தின் கீழுள்ள வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தின் கையில் இருக்கிறது. ஆனாலும் மாநிலத்தை விட்டுவிடவில்லை. 2022-இல் முதல்வரே ஒன்றிய அரசுக்குக் கடிதம் எழுதினார். 2023 ஜூன் இறுதியில், இறக்குமதி மதிப்பு 20 ரூபாய்க்குக் குறைவான லைட்டர்களுக்குத் தடை வந்தது. லைட்டரை உதிரி பாகங்களாகக் கொண்டுவந்து இங்கே பூட்டும் சந்து இருந்தது. 2024-இல் அதையும் அடைத்தார்கள். சென்னையில் ஒரு கட்சி, டெல்லியில் அதற்கு நேர் எதிர்க் கட்சி. தீப்பெட்டிக்காரர்கள் ஒரு பக்கம் மட்டும் கொடி பிடித்திருந்தால் மற்றக் கதவு மூடியிருக்கும்.

ஆகவே உங்கள் செயற்குழுவில் அடுத்த முறை பெயர்களை எடுக்காதீர்கள். மூன்று கோரிக்கை, மூன்று கையெழுத்து என்று ஒரு தாளில் எழுதி முடிக்கும்வரை யார் பெயரும் வரக்கூடாது என்று தீர்மானப் புத்தகத்திலேயே போட்டுவிடுங்கள். பாதிச் சண்டை அதோடு தீர்ந்துவிடும்.

கப்பலூர் சுங்கச்சாவடியை அகற்றச் சொல்லி நாங்கள் போகாத கட்சி அலுவலகம் இல்லை. எல்லோரும் 'ஆதரவு' என்கிறார்கள். சாவடி அங்கேயேதான் இருக்கிறது. எங்கே தப்பு செய்கிறோம்?
– திருமங்கலம் வாசகர்கள் மூவர்

ஆதரவு சொல்ல யாருக்கும் செலவில்லை, அதனால் எல்லோரும் சொல்கிறார்கள். தேசிய நெடுஞ்சாலைச் சாவடி ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விஷயம். எம்.எல்.ஏ. பேசினால் செய்தி வரும், உத்தரவு வராது.

இங்கே எல்லைக் குழப்பமும் உண்டு. மதுரை மாவட்டத்தில் 10 சட்டமன்றத் தொகுதிகள். அவற்றில் மேலூர், மதுரை கிழக்கு, வடக்கு, தெற்கு, மத்தி, மேற்கு என்ற ஆறுதான் மதுரை மக்களவைத் தொகுதியில் சேர்ந்தவை. திருப்பரங்குன்றமும் திருமங்கலமும் விருதுநகர் தொகுதி. சோழவந்தானும் உசிலம்பட்டியும் தேனி. விமான நிலையம், தோப்பூர் எய்ம்ஸ், கப்பலூர் சாவடி எல்லாமே விருதுநகர் எம்.பி. எல்லைக்குள் வருகின்றன. 'மதுரைப் பிரச்சினை' என்று மதுரை எம்.பி.யிடம் மட்டும் மனு கொடுத்தால் அவர் கடிதம் எழுதுவார், ஆனால் அவருடைய வாக்காளர் கணக்கில் அது வராது. இப்படிப்பட்ட விஷயத்தில் அமைப்புகள் மூன்று எம்.பி.க்களையும் ஒரே மனுவில் கையெழுத்திடச் செய்யும்.

மனுவில் உணர்ச்சியைக் குறைத்து விதியைப் போடுங்கள். 2008-ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகளின்படி நகராட்சி எல்லையிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் சாவடி அமைக்கக் கூடாது. எழுத்தில் காரணம் பதிந்தால் அந்த அளவு தளரும், அப்போதும் 5 கிலோமீட்டருக்குள் வரக் கூடாது. தூரத்தை அளந்து, அந்தக் காரணம் எழுதப்பட்ட கோப்பைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு, இரண்டையும் பின்னிணைப்பாக வையுங்கள். அதிகாரி பதில் எழுதியே ஆக வேண்டிய மனு அப்போதுதான் உருவாகும்.

அமெரிக்காவில் லாபியிஸ்ட் என்று தொழிலே இருக்கிறதாமே? அவர்கள் ஆளை எப்படிப் பிடிக்கிறார்கள்? நம் ஊரில் ஏன் அப்படி இல்லை?
– கல்லூரி மாணவி, கோரிப்பாளையம்

ஒரு தரப்புக்காக அரசியல்வாதிகளிடமும் அதிகாரிகளிடமும் பேசி வாதாடுகிறவர்தான் லாபியிஸ்ட். அங்கே அது பதிவு செய்து செய்யும் தொழில். 1995-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்து, யாருக்காக, எந்த மசோதாவைப் பற்றி, எவ்வளவு செலவில் பேசினோம் என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் கொடுக்க வேண்டும். கம்பெனி தன் கல்லாவிலிருந்து நாடாளுமன்ற வேட்பாளருக்கு நேரடியாகப் பணம் தர 1907 முதலே தடை இருக்கிறது. அதனால் ஊழியர்களிடமும் பங்குதாரர்களிடமும் திரட்டிய பணத்தை அரசியல் நிதிக் குழு ஒன்றின் வழியே கொடுப்பார்கள். ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலுக்கு 5,000 டாலர் வரம்பு. கட்சிக்குள் நடக்கும் முதல்நிலைத் தேர்தல் ஒன்று, பொதுத்தேர்தல் ஒன்று என்று தனித்தனியாக எண்ணுவார்கள். வேட்பாளரோடு கலந்து பேசாமல் தனியாகச் செலவு செய்கிற குழுக்களுக்கு 2010-ஆம் ஆண்டுத் தீர்ப்புகளுக்குப் பிறகு வரம்பே இல்லை. பெரும்பணம் புரளும் இடம் அதுதான்.

தேர்ந்தெடுக்கும் முறைக்கு வருவோம். தொழில் அமைப்புகளும் கொள்கை அமைப்புகளும் இதில் வேறு வேறு சாதி. தொழில் அமைப்பு பெரும்பாலும் ஏற்கெனவே பதவியில் இருப்பவரைத்தான் பிடிக்கும். தன் தொழிலைப் பார்க்கும் நாடாளுமன்றக் குழுவில் அவர் உறுப்பினரா, தலைவரா என்று பார்க்கும். அவர் அந்தக் குழுவை விட்டு விலகினால் பணமும் வேறு பக்கம் நடையைக் கட்டும். துப்பாக்கி உரிமைக்காரர்கள், சுற்றுச்சூழல்காரர்கள் போன்ற கொள்கை அமைப்புகள் மதிப்பெண் பட்டியல் போடும். தேசியத் துப்பாக்கிச் சங்கம் வேட்பாளர்களுக்கு பள்ளிக்கூடம் போல ஏ முதல் எஃப் வரை கிரேடு தருகிறது. மசோதாக்கள்மீது அவர் போட்ட வாக்கு, கேள்வித்தாளுக்கு அவர் தந்த பதில், இரண்டையும் வைத்து அந்தக் கிரேடு. எங்கே இழுபறியோ அங்கேதான் பணத்தைக் கொட்டுவார்கள். உறுதியாக ஜெயிப்பவருக்குக் கொடுத்தால் அது நட்புக்கு, இழுபறியில் இருப்பவருக்குக் கொடுத்தால் முடிவை மாற்றுவதற்கு.

பணம் வாக்கை வாங்குகிறதா என்பதில் ஆய்வாளர்களுக்கே ஒருமித்த முடிவில்லை. வாசலைத் திறக்கிறது என்பதற்குச் சான்று உண்டு. 2016-இல் வெளியான ஒரு கள ஆய்வில் காங்கிரஸ் எனப்படும் அமெரிக்க நாடாளுமன்றத்தின் 191 உறுப்பினர் அலுவலகங்களில் ஒரே கோரிக்கையோடு சந்திப்புக் கேட்டார்கள். வருகிறவர்கள் நன்கொடையாளர்கள் என்று சொன்னபோது, மேல்மட்ட ஆட்கள் மூன்று முதல் நான்கு மடங்கு அதிக முறை நேரம் ஒதுக்கினார்கள்.

நம் ஊரில் இது ஏன் அப்படியே பொருந்தாது என்றால், 1985-இன் கட்சித் தாவல் தடைச் சட்டம். கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவியே போய்விடும். மசோதாவில் தனிப்பட்ட எம்.பி.யின் மனசு எந்தப் பக்கம் என்பதற்கு விலை இல்லை. அதனால் இங்கே பெரும்பணம் கட்சித் தலைமைக்குப் போகிறது, மனு அமைச்சருக்கும் அதிகாரிக்கும் போகிறது. லாபியிஸ்ட்டுக்குப் பதிவுச் சட்டமும் நம் நாட்டில் கிடையாது. 'ஆலோசகர்', 'தொடர்பு அதிகாரி', 'சங்கத்தின் டெல்லிப் பிரதிநிதி' என்று வேறு வேறு பெயரில் அதே வேலை நடக்கிறது.

ஒரே கம்பெனி ஆளுங்கட்சிக்கும் எதிர்க்கட்சிக்கும் பணம் தருகிறதே, இதில் என்ன கொள்கை?
– எல்லிஸ் நகர்

கொள்கை இல்லை, காப்பீடு. பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்குப் பணம் தர வழிசெய்த தேர்தல் பத்திரங்களை உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 15 அன்று ரத்து செய்தபின் வெளிவந்த விவரங்களைப் பாருங்கள். அதிகமாக வாங்கிய நிறுவனம் ஒரு லாட்டரி நிறுவனம், 1,368 கோடி ரூபாய்க்கு. லாட்டரியே தடை செய்யப்பட்ட தமிழ்நாட்டில் தி.மு.க. தான் பெற்ற 656.5 கோடியில் 509 கோடி அந்த நிறுவனம் தந்தது என்று தானே கணக்குக் கொடுத்தது. அதே நிறுவனத்தின் பத்திரங்கள் வேறு மாநிலங்களின் ஆளுங்கட்சிகளுக்கும் போயிருக்கின்றன. எங்கே உரிமம், வரி, வழக்கு என்று அரசின் கை படுகிறதோ அங்கெல்லாம் பணம் பரவும். யாருக்கும் பகையாகிவிடக் கூடாது என்பதற்காகத் தருகிற பணம்தான் இதில் அதிகம்.

எங்கள் சிறுதொழில் சங்கத்தில் 140 உறுப்பினர்கள். ஒரு கட்சிக்குச் சங்கத்தின் பெயரில் 3 லட்சம் நன்கொடை தரலாம் என்று பேச்சு. என்னென்ன பார்க்க வேண்டும்?
– கே.புதூர் தொழிற்பேட்டை

சங்கத்தின் பெயரில் தராமல் இருப்பதே நல்லது என்பது எங்கள் கருத்து. சங்கம் எந்தச் சட்டத்தில் பதிவானது, விதிமுறைகளில் அரசியல் செலவுக்கு இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். விதியில் இல்லாததைச் செயற்குழு மட்டும் கூடிச் செய்தால், எதிர்க்கிற ஓர் உறுப்பினர் போதும், பதிவுத் துறைக்கும் கோர்ட்டுக்கும் இழுத்துவிடுவார். அறக்கட்டளை என்று வரிவிலக்கு வாங்கியிருந்தால் அந்த விலக்குக்கே ஆபத்து. தொழிற்சங்கங்களுக்கு 1926-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இதற்கு அழகான ஏற்பாடு வைத்தார்கள். அரசியல் நிதி தனிக் கணக்காக இருக்க வேண்டும், அதற்குப் பணம் தரச் சொல்லி எந்த உறுப்பினரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. உங்கள் சங்கம் தொழிற்சங்கம் இல்லாவிட்டாலும் இந்தப் பழக்கத்தைக் கடன் வாங்கலாம்.

விருப்பமுள்ளவர்கள் தனித்தனியாகத் தருவது சுத்தமான வழி. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கட்சி வாங்கக் கூடாது. செக், டிராஃப்ட், ஆன்லைன் மூலம் தந்து, பான் எண்ணோடு ரசீது வாங்க வேண்டும். ஆண்டில் 20,000 ரூபாய் தாண்டினால் கட்சி உங்கள் பெயரைத் தேர்தல் ஆணையத்துக்குக் கொடுக்கும், அது பொதுவெளியில் வரும். 'பெயர் வெளியே தெரியக் கூடாது' என்று நினைப்பவர் இதை முன்பே தெரிந்துகொள்ளட்டும். பழைய வரி முறையில் இருப்பவருக்கு இந்தத் தொகைக்கு முழுக் கழிவு உண்டு. புதிய முறையில் இல்லை. ரொக்கத்துக்கும் இல்லை.

உறுப்பினரின் தொழில் பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக இருந்தால் இன்னும் சில படிகள். கம்பெனிக்கு மூன்று வயது முடிந்திருக்க வேண்டும். இயக்குநர் குழுத் தீர்மானம் வேண்டும். முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி நிகர லாபத்தில் 7.5 சதவீதம்தான் உச்சம். 2017-இல் எடுத்துவிட்ட இந்த வரம்பை 2024 தேர்தல் பத்திரத் தீர்ப்பு மீண்டும் கொண்டுவந்துவிட்டது. சராசரி லாபம் 20 லட்சம் என்றால் 1.5 லட்சம்தான் தரலாம். நஷ்டத்தில் ஓடும் கம்பெனி தந்தால் கேள்வி வரும்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறோம். பெயர் கேள்விப்படாத சிறு கட்சிக்குச் செக் கொடுத்தால் கமிஷன் போக மீதியை ரொக்கமாகத் திருப்பித் தருகிறோம் என்று புரோக்கர்கள் வருவார்கள். வருமான வரித் துறை இப்படிக் கழிவு கேட்டவர்களைத் தேடி நோட்டீஸ் அனுப்பிவருகிறது. வரி, வட்டி, அபராதம் மூன்றும் சேர்ந்தால் மிச்சம் பிடித்ததைவிட அதிகமாகப் போகும்.

வேட்பாளர்களுக்குக் கேள்வித்தாள் கொடுத்துப் பதிலைப் பார்த்து ஆதரவு தரலாம் என்று போன தேர்தலில் செய்துபார்த்தோம். எல்லோரும் எல்லாவற்றுக்கும் 'ஆம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். என்ன பிரயோஜனம்?
– மல்லிகை விவசாயிகள், உசிலம்பட்டி வட்டம்

கேள்வி 'ஆம்' கேட்டது, அவர்களும் 'ஆம்' தந்தார்கள். உங்கள் கடிதத்தோடு வந்த தாளில் முதல் கேள்வி, 'மல்லிகை விவசாயிகளின் வாழ்வாதாரம் உயரப் பாடுபடுவீர்களா?' இதற்கு 'மாட்டேன்' என்று எழுத உலகத்தில் வேட்பாளர் பிறக்கவில்லை. இப்படி மாற்றுங்கள்: 'எம்.எல்.ஏ. தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். முதல் ஆண்டு நிதியில் பூக்களுக்கான குளிர்பதன அறைக்கு எத்தனை லட்சம் ஒதுக்குவீர்கள்? அதற்காக எந்தச் செலவைத் தள்ளிவைப்பீர்கள்?' இப்போது பதில் எண்ணாக வரும், அல்லது வராது. வராததும் ஒரு பதில்தான்.

ஐந்து கேள்விக்கு மேல் வேண்டாம், ஒரே பக்கம். கேள்விகளில் ஒன்றாவது அவருடைய கட்சித் தலைமைக்கோ உள்ளூரில் வேறொரு கூட்டத்துக்கோ பிடிக்காததாக இருக்கட்டும். அதில்தான் ஆள் தெரியும். வேட்புமனுவைத் திரும்பப் பெறும் கடைசி நாள் முடிந்து இறுதிப் பட்டியல் வந்த மறுநாள், எல்லா வேட்பாளருக்கும் ஒரே நேரத்தில் கொடுங்கள். வேண்டியவருக்கு இரண்டு நாள் முன்னால் கொடுத்ததாகப் பேச்சு வந்தால் தாளுக்கு மரியாதை போய்விடும். ஐந்து நாள் கெடு போதும். கையெழுத்தும் தேதியும் இல்லாத பதிலை எண்ணாதீர்கள். கட்சி அலுவலகத் தம்பி நிரப்பிக் கொடுக்கும் தாள்கள்தான் அதிகம் வரும். வேட்பாளரை நேரில் பத்து நிமிடம் உட்கார வைத்து, அவர் தாளையே அவரிடம் வாசித்துக் காட்டினால் அவருக்கே அது புதுச் செய்தியாக இருக்கும்.

பழைய ஆள் மீண்டும் நிற்கிறார் என்றால் வாக்குறுதியை விட்டுவிட்டு வேலையைப் பாருங்கள். ஐந்தாண்டில் மானியக் கோரிக்கை விவாதத்தில் உங்கள் விஷயத்தை எத்தனை முறை எழுப்பினார், சட்டமன்றக் குறிப்பில் இருக்கும். சொத்தும் வழக்கும் படிவம் 26 பிரமாணப் பத்திரத்தில் இருக்கும், தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

பதில்களை ஒப்பிட்டு நோட்டீஸ் அடித்தால் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் கட்டாயம் இருக்க வேண்டும். அது இல்லாத நோட்டீஸைப் பறக்கும் படை அள்ளிக்கொண்டு போகும், வழக்கும் வரும். ஒருவருக்கு வாக்குக் கேட்டு அவருடைய எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் சங்கமே செலவு செய்வதும் தேர்தல் குற்றம். வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரத்தில் கூட்டம் போடாதீர்கள்.

தேர்தல் நேரத்துக்கு முன்னால் இன்னொரு வாய்ப்பு இருக்கிறது, சங்கங்கள் அதைக் கோட்டை விடுகின்றன. பெரிய கட்சிகள் தேர்தல் அறிக்கைக் குழு அமைத்து ஊர் ஊராக மனு வாங்குவார்கள், மதுரைக்கும் வருவார்கள். அங்கே நாலு பக்க மனு கொடுத்தால் மூட்டையில் போகும். அறிக்கையில் அப்படியே ஒட்டக்கூடிய இரண்டு வரி வாசகம், அதற்கு ஆண்டுக்கு எவ்வளவு செலவாகும் என்ற ஒரு வரி. இவ்வளவு கொடுத்தால் போதும். எழுதுகிறவரின் வேலையைக் குறைக்கிற மனுதான் உள்ளே போகும்.

'என் பின்னால் 20,000 ஓட்டு இருக்கிறது' என்று எங்கள் சமுதாயச் சங்கத் தலைவர் ஒவ்வொரு கட்சியிலும் சொல்லிவருகிறார். கட்சிக்காரர்கள் நம்புவார்களா?
– பெயர் வேண்டாம், செக்கானூரணி

எதிரில் தலையாட்டுவார்கள். அவர் கிளம்பியதும் படிவம் 20-ஐ எடுத்துப் பார்ப்பார்கள். ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் யாருக்கு எத்தனை வாக்கு என்று போட்ட இறுதி முடிவுத் தாள் அது, தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் நீங்களும் பார்க்கலாம். உங்கள் ஆட்கள் அடர்த்தியாக இருக்கும் பத்துப் பதினைந்து சாவடிகளைக் குறித்துக்கொண்டு, போன தேர்தலில் தலைவர் கை காட்டிய வேட்பாளருக்கு அங்கே எவ்வளவு விழுந்தது, அதற்கு முந்தைய தேர்தலில் அதே கட்சிக்கு எவ்வளவு என்று கழித்துப் பார்ப்பார்கள். சாவடிக்கு 40 வாக்கு கூடியிருந்தால் 15 சாவடிக்கு 600. தலைவரின் உண்மையான எடை அதுதான். 20,000-க்கும் 600-க்கும் நடுவில் இருக்கிற தூரத்தை ஒன்றியச் செயலாளர் மனசுக்குள் வைத்துக்கொள்வார், வாய்விட்டுச் சொல்ல மாட்டார்.

600-ஐக் குறைவாக நினைக்காதீர்கள். சில நூறு வாக்கில் முடிவாகும் தொகுதிகள் எல்லாத் தேர்தலிலும் உண்டு. 600 என்று உண்மையைச் சொல்லிச் சாவடிப் பட்டியலோடு போகிற சங்கத்துக்கு, 20,000 என்று சொல்கிற சங்கத்தைவிட மதிப்பு அதிகம்.

பணம் கொடுக்காமல், தனி வேட்பாளருக்கு ஆதரவும் சொல்லாமல் டங்ஸ்டன் சுரங்கத்தை எங்கள் ஊர்கள் நிறுத்தின. அதே ஊர்கள் ஆண்டுதோறும் தண்ணீருக்காகக் கத்துகின்றன, யாரும் பக்கம் நிற்பதில்லை. ஏன் இந்த வித்தியாசம்?
– விவசாயி, மேலூர்

அருமையான கேள்வி. இரண்டிலும் அரசியல்வாதி போடும் கணக்கு வேறு.

2024 நவம்பரில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கப் பகுதிக்கான ஏலம் முடிந்தது, சுமார் 2,015 ஹெக்டேர். தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமான அரிட்டாபட்டியும் அதற்குள் வந்தது. எதிர்த்தால் கோபப்படுகிற வாக்காளர் தொகுதியில் ஒருவர்கூட இல்லை. லாபம் போகிற கம்பெனிக்கு இங்கே ஓட்டுக் கிடையாது. ஆக எதிர்ப்பதில் கட்சிகளுக்கு நஷ்டம் இல்லை, முந்துவதில்தான் போட்டி. டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7-இல் தல்லாகுளம் தலைமைத் தபால் நிலையம் வரை பெரும் பேரணி நடந்தது. ஆனால் முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரம் 2023-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு ஒன்றிய அரசிடம் மட்டுமே இருக்கிறது. கையெழுத்து டெல்லியில் என்பதை ஊர்க்காரர்கள் சரியாகப் புரிந்துகொண்டார்கள். மாநில ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்று எல்லோரையும் மேடைக்கு விட்டு, டெல்லியில் ஆளும் கட்சியின் மாநிலத் தலைவரோடு போய்ச் சுரங்க அமைச்சரையும் நேரில் பார்த்தார்கள். ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தானது. ஒரு கட்சியின் போராட்டமாக மாறியிருந்தால் மற்றவர்கள் ஒதுங்க ஒரு சாக்குக் கிடைத்திருக்கும்.

தண்ணீர் அப்படி இல்லை. பெரியாறு பிரதானக் கால்வாயில் கள்ளந்திரி வரை இருபோகம் 45,041 ஏக்கர். அதற்குக் கீழே மேலூர் ஒருபோகம் 85,563 ஏக்கர். திருமங்கலம் பிரதானக் கால்வாயில் 19,439 ஏக்கர். வைகை அணையில் இருக்கும் அதே தண்ணீரைத்தான் இவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். கடைமடைக்கு ஒரு வாரம் கூடுதலாகத் திறந்தால் மேல்மடையில் ஒருவர் எதிரியாவார். இப்படி இருதரப்பும் வாக்காளர்களாக இருக்கும் விஷயத்தில் எந்த அரசியல்வாதியும் பக்கம் எடுக்க மாட்டார், 'அதிகாரிகளிடம் பேசுகிறேன்' என்பார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

வழி என்னவென்றால் பங்குச் சண்டையைப் பங்கு இல்லாத கோரிக்கையாக மாற்றுவது. கால்வாய்க் கசிவை அடைக்க இத்தனை கிலோமீட்டருக்குக் கான்கிரீட் சுவர், மடைகளில் உடைந்த ஷட்டர் இத்தனை, அதற்கு மதிப்பீடு இவ்வளவு. இப்படிக் கேட்டால் மேல்மடைக்காரரும் கையெழுத்துப் போடுவார், எம்.எல்.ஏ.வும் தயங்காமல் எழுப்புவார். ஷட்டர்களைச் சங்கமே நடந்துபோய் எண்ணி, மடை எண்ணோடு போட்டோ எடுத்து வைப்பது இரண்டு நாள் வேலை.

லாபி செய்வது குற்றமா?
– ஒத்தக்கடை

மனுக் கொடுப்பதும் வாதாடுவதும் குற்றம் இல்லை. வேலை முடிய எம்.எல்.ஏ.வுக்கோ அதிகாரிக்கோ பணமோ பொருளோ கொடுத்தால் லஞ்சம். 2018 திருத்தத்துக்குப் பிறகு கொடுத்தவரும் குற்றவாளி. மிரட்டி வாங்கினார்கள் என்றால் 7 நாளுக்குள் போலீஸிலோ விசாரணை அமைப்பிலோ சொல்லிவிட வேண்டும்.

எங்கள் பிரச்சினையை எம்.பி. நாடாளுமன்றத்தில் கேள்வியாகக் கேட்க வைக்க என்ன செய்ய வேண்டும்?
– பழங்காநத்தம்

கேள்வியை நீங்களே எழுதிக் கொடுங்கள், அவருக்கு அது பெரிய உதவி. மக்களவைக் கேள்விக்குக் குறைந்தது 15 முழு நாள் முன்பு நோட்டீஸ் தர வேண்டும். அமைச்சர் வாய்மொழியாகப் பதில் சொல்லும் கேள்வி ஒரு நாளைக்கு 20-தான், அதுவும் குலுக்கலில். எழுத்துப் பதில் கேள்வி 230 வரை வரும், உங்களுக்கு அதுதான் நல்லது. பேச்சைவிட எழுத்தில் வந்த எண்ணைப் பிறகு கோர்ட்டிலும் காட்டலாம். 'நடவடிக்கை எடுக்குமா?' என்று கேட்காமல் 'எத்தனை, எவ்வளவு, எந்தத் தேதி' என்று கேளுங்கள். கூட்டத்தொடர் அறிவிப்பு வந்ததும் எம்.பி.யின் டெல்லி உதவியாளருக்கு மெயிலில் அனுப்பிவிடுங்கள். உள்ளூர் அலுவலகத்தில் கொடுத்தால் போய்ச் சேரத் தாமதமாகும். இதற்காகக் 'கவனிப்பு' எதுவும் வேண்டாம். கேள்வி கேட்கப் பணம் வாங்கிய 11 எம்.பி.க்கள் 2005 டிசம்பரில் பதவி இழந்தார்கள்.

கல்யாண மண்டபத்தில் சங்கக் கூட்டம் வைத்து வேட்பாளரை அழைத்துப் பொன்னாடை போர்த்திப் பிரியாணி போட்டோம். செலவு எங்களுடையது. அவர் கணக்கில் சேர்க்கிறார்கள் என்று கோபிக்கிறார். சரியா?
– சங்கப் பொருளாளர், வாடிப்பட்டி

சேர்ப்பார்கள், சரிதான். வேட்பாளர் வந்து வாக்குக் கேட்ட கூட்டம் என்றால் மண்டப வாடகை, நாற்காலி, மைக், சாப்பாடு எல்லாம் அவர் தேர்தல் செலவு. நீங்கள் பில்லைக் குறைத்துக் காட்டினாலும் பயனில்லை. மாவட்டத் தேர்தல் அதிகாரி வெளியிடும் விலைப்பட்டியல்படி தலைக்கு இவ்வளவு என்று வீடியோவில் எண்ணிப் போட்டுவிடுவார்கள். சட்டமன்ற வேட்பாளருக்கு மொத்த வரம்பு 40 லட்சம். உங்கள் விருந்து அதில் ஒரு துண்டைக் கடித்துவிட்டது, அதுதான் கோபம். வாக்காளருக்குச் சாப்பாடு போட்டு வாக்குக் கேட்பதை லஞ்சமாகவும் பார்க்க இடம் உண்டு, பிரியாணியைத் தவிர்த்திருக்கலாம். அடுத்த முறை சங்கத்தின் சொந்த அறையில் காபியோடு, எல்லா வேட்பாளரையும் வேறு வேறு நேரத்தில் அழையுங்கள்.

அவர் காட்டிய கணக்கைப் பார்க்க வேண்டுமா? முடிவு வந்து 30 நாளுக்குள் வேட்பாளர் செலவுக் கணக்கை ஒப்படைக்க வேண்டும். மாவட்டத் தேர்தல் அலுவலகத்தில் ஒரு ரூபாய் கட்டணம் கட்டினால் யாரும் அதைப் புரட்டிப் பார்க்கலாம். உங்கள் மண்டபம் எத்தனை ரூபாய்க்கு எழுதப்பட்டிருக்கிறது என்பது அங்கே தெரிந்துவிடும்.